ஆம்ஸ்டர்டாமில் சிட்டிஹாப்பர் விமானத்துக்கு மாறுவோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஆம்ஸ்டர்டாம் வழியாக நாரிச், அபர்டீன், பெர்கன், பாசல் போன்ற ஊர்களுக்குச் செல்பவரின் கையில் இருப்பது நெதர்லாந்து விமான நிறுவனமான கேஎல்எம்மின் பயணச்சீட்டு. விமான எண் கேஎல் என்றுதான் தொடங்கும். விமானத்தின் வண்ணமும் பணியாளர்களின் நீலச் சீருடையும் கேஎல்எம்முடையவைதான். ஆனால் ஆம்ஸ்டர்டாமுக்கு அப்பால் உள்ள அந்தச் சிறிய பயணத்தைப் பெரும்பாலும் இயக்குவது கேஎல்எம் சிட்டிஹாப்பர் என்னும் துணை நிறுவனம். பெரிய பயணத்தைப் பற்றி எல்லோரும் யோசித்துத்தான் சீட்டு வாங்குகிறார்கள். ஒரு மணி நேரப் பயணம்தானே என்று கவனிக்காமல் விடும் இரண்டாம் பகுதியில்தான் கைப்பெட்டியைப் பிரிய நேர்கிறது, கடைசி விமானம் தவறிப்போகிறது, விசாச் சிக்கல் முளைக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் பகுதியைப் பற்றியே பேசுகிறது.

நிறுவனத்தைப் பற்றி அறிய வேண்டிய அளவுக்கு

1966இல் உள்நாட்டுப் பயணங்களுக்கென நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட என்எல்எம் நிறுவனமும் நெதர்லைன்ஸ் என்ற மற்றொரு நிறுவனமும் 1991இல் இணைந்து கேஎல்எம் சிட்டிஹாப்பர் ஆயின. அதன் முழு உரிமையும் கேஎல்எம்மிடம் உள்ளது. நீண்டகாலம் டச்சுத் தயாரிப்பான ஃபோக்கர் விமானங்களை ஓட்டிய நிறுவனம், 2017 அக்டோபரில் கடைசி ஃபோக்கர் 70 விமானத்துக்கு விடைகொடுத்த பிறகு பிரேசிலில் தயாராகும் எம்ப்ரேயர் ஜெட்களை மட்டுமே வைத்திருக்கிறது. இப்போது 88 இருக்கைகள் கொண்ட எம்ப்ரேயர் 175, 100 இருக்கைகள் கொண்ட 190, 132 இருக்கைகள் கொண்ட 195-ஈ2 என மூன்று வகைகள் பறக்கின்றன.

இப்படித் தனியாக ஒரு துணை நிறுவனம் எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போகும் பலவற்றுக்கும் காரணம் விளங்கும். நெதர்லாந்து சிறிய நாடு. அதன் மக்களை மட்டும் நம்பி உலகெங்கும் பெரிய விமானங்களை நிரப்ப இயலாது என்பதால், ஐரோப்பாவின் சிறு நகரங்களிலிருந்து பயணிகளைத் திரட்டி ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்குக் கொண்டுவருவதும், அங்கிருந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதும் கேஎல்எம்முக்கு உயிர்நாடியான வேலை. இங்கிலாந்தில் உள்ள நாரிச் போன்ற ஊருக்கு 180 இருக்கை போயிங் விமானத்தை நாள்தோறும் அனுப்பினால் பாதி காலியாகவே போகும். நூறு இருக்கை எம்ப்ரேயரை ஒரு நாளில் பல முறை அனுப்பினால் நிரம்பும். வட கடலைத் தாண்டி ஏறத்தாழ 240 கிலோமீட்டர்தான் என்றாலும் அது இரு நாடுகளுக்கு இடையே உள்ள பயணம், அதுவும் ஷெங்கன் (ஒரே விசாவில் சோதனையின்றிச் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதி) எல்லையைக் கடக்கும் பயணம். இந்த முரண்தான் பயணியைத் தடுமாற வைக்கிறது: தூரத்தைப் பார்த்தால் உள்ளூர்ப் பேருந்துபோல் இருக்கும், சட்டமோ முழுமையான வெளிநாட்டுப் பயணத்துக்குரியது.

சீட்டு வாங்கும் முன் பார்க்க வேண்டிய வரி

எந்தத் தளத்தில் முன்பதிவு செய்தாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் கீழே, அதை எந்த நிறுவனம் இயக்குகிறது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். பணம் கட்டும் முன் அந்த வரியைப் படியுங்கள். அங்கே கேஎல்எம் சிட்டிஹாப்பர் என்று இருந்தால் எம்ப்ரேயரில் ஏறப்போகிறீர்கள் என்று பொருள். சில வேளைகளில் வேறொரு நிறுவனத்தின் பெயரும் இருக்கலாம். தன்னிடம் விமானங்கள் போதாதபோது சிட்டிஹாப்பர் பிற நிறுவனங்களிடமிருந்து விமானத்தையும் பணியாளர்களையும் சேர்த்தே வாடகைக்கு எடுப்பதுண்டு. இந்தியப் பகுதியிலும் இதே கவனம் தேவை. கேஎல்எம்முக்குச் சென்னையிலிருந்து சொந்த விமானம் இல்லை என்பதால், சென்னை முதல் மும்பை அல்லது பெங்களூர் வரையிலான பகுதியை இண்டிகோ இயக்கும் சீட்டுகள் விற்பனையாகின்றன.

இதைவிட முக்கியமான கேள்வி, முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா என்பது. விலை குறைகிறதே என்று ஆம்ஸ்டர்டாம் வரை ஒரு சீட்டும் அங்கிருந்து வேறொரு சீட்டுமாக வாங்குவதை நான் வலுவாக எதிர்க்கிறேன். தனிச் சீட்டென்றால் பெட்டியை ஆம்ஸ்டர்டாமில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். பெட்டி வரும் பட்டை குடியேற்றச் சோதனைக்கு அப்பால் இருப்பதால், பிரிட்டன் விசா மட்டுமே உள்ளவர் அதை நெருங்கவே இயலாது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது சீட்டின் பணமும் போயிற்று. ஒரே முன்பதிவாக இருந்தால், அடுத்த விமானத்தில் இடம் தந்து சேருமிடம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் கடமை.

விசா: ஊரைப் பொறுத்து மாறும் விதி

சிட்டிஹாப்பர் செல்லும் ஊர்களை இந்தக் கணக்குக்காக இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிட்டன், அயர்லாந்து ஊர்கள் ஷெங்கனுக்கு வெளியே உள்ளவை. நார்வே, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஊர்கள் ஷெங்கனுக்கு உள்ளே இருப்பவை. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு.

ஷெங்கன் ஊருக்குச் செல்பவர், எடுத்துக்காட்டாக நார்வேயின் பெர்கனில் உள்ள மகள் வீட்டுக்குப் போகும் தாய், குடியேற்றச் சோதனையை முடிப்பது ஆம்ஸ்டர்டாமில்தான். பெர்கனில் இறங்கியதும் கடவுச்சீட்டுச் சோதனைக்கென்று நிற்க வேண்டியிருக்காது. எனவே அழைப்புக் கடிதம், காப்பீடு, திரும்பும் சீட்டு முதலிய தாள்கள் அனைத்தும் கையிலேயே இருக்க வேண்டும். ஒப்படைத்த பெட்டிக்குள் வைத்துவிட்டால் கேட்கும் இடத்தில் காட்ட முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையின்படி கைரேகையும் முகப்படமும் எடுக்கப்படுவதால், முதல் முறை செல்பவருக்கு அந்த வரிசையில் கூடுதல் நேரம் பிடிக்கும்.

பிரிட்டன் ஊருக்குச் செல்லும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர், ஒரே முன்பதிவில் பயணம் செய்து ஸ்கிபோலின் பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே விமானம் மாறினால் ஷெங்கன் விசா தேவையில்லை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏர் பிரான்சும் கேஎல்எம்மும் ஒரே குழுமம் என்பதால், மும்பை–பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம்–நாரிச் என்று இரண்டு இடங்களில் மாறும் சீட்டும் அதே பக்கத்தில், சில நாட்களில் குறைந்த விலையில், தோன்றும். பாரிசிலிருந்து ஆம்ஸ்டர்டாம் செல்வது ஷெங்கனுக்குள் பறக்கும் பயணம். அதற்குப் பாரிசில் குடியேற்றச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். தாண்ட ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டன் விசா மட்டும் உள்ளவரை இந்தியாவிலேயே ஏற விடமாட்டார்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொதுவாக உள்ள, விமான நிலைய இடைத்தங்கல் விசா கட்டாயமான நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறினாலும் அந்த விசா வேண்டும். ஷெங்கன் விசாவோ ஷெங்கன் நாட்டு வதிவிட அனுமதியோ வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆகவே நார்வே உறவினரைப் பார்க்க ஷெங்கன் விசாவுடன் செல்பவருக்குச் சிக்கல் இல்லை. முன்பு பிரிட்டன் விசாவுக்கும் அந்த விலக்கு இருந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின் அது நின்றுவிட்டது. பழைய அனுபவத்தை வைத்து “நான் போனபோது ஒன்றும் கேட்கவில்லையே” என்று உறவினர் சொல்வதை நம்பிச் சீட்டு வாங்காமல், நெதர்லாந்து அரசின் வெளியுறவுத் துறைத் தளத்தில் உங்கள் கடவுச்சீட்டுக்கான விதியைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இடைவெளி நேரத்தைத் தேர்வது

ஸ்கிபோலில் கேஎல்எம் விமானங்கள் அலை அலையாக இயங்குகின்றன. ஒரு குறுகிய நேரத்துக்குள் ஐரோப்பாவிலிருந்தும் தொலைவிலிருந்தும் நிறைய விமானங்கள் வந்திறங்கும். பயணிகள் மாறிக்கொள்வதற்குள் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும். இணைப்புகள் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துவதற்கும், சோதனை வரிசைகள் அதே நேரத்தில் நிரம்பி வழிவதற்கும் இதுவே காரணம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி உள்ள இணைப்புகளும் விற்பனைக்கு வரும். விதிப்படி அவை சாத்தியமானவைதான். ஆனால் இந்தியாவிலிருந்து முதல் முறை வருபவருக்கு, அதிலும் ஷெங்கன் ஊருக்குச் செல்பவருக்கு, இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த நேரம் எங்கே கரைகிறது என்று பாருங்கள். ஸ்கிபோலின் ஆறு ஓடுபாதைகளில் 2003இல் திறக்கப்பட்ட போல்டர்பான் நிலையக் கட்டடத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கிறது. அதில் இறங்கினால் சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் கால் மணி நேரம் வரை விமானம் தரையிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும், வழியில் நெடுஞ்சாலை ஒன்றின் மேலாகவும் கடக்கும். பெரிய விமானத்திலிருந்து எல்லோரும் இறங்கி முடிக்கக் கால் மணி ஆகலாம். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. ஷெங்கன் ஊர் என்றால் அதற்கு மேல் கடவுச்சீட்டு வரிசை. அது முடிந்து நடை. நிலையம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் பேருந்து பிடித்து வேறு முனையம் போகும் தொல்லை இல்லை. ஆனால் தொலைதூர விமானங்கள் வரும் எஃப் பகுதியிலிருந்து சிட்டிஹாப்பர் நிற்கும் பி பகுதி வரையிலான நடை முதியவர்களுக்கு எளிதன்று. புறப்பாட்டுக்கு ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு முன்பே வாயிலை மூடிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாளின் கடைசி விமானத்தை இணைப்பாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிறிய ஊர்களுக்கு ஒரு நாளில் சில பயணங்களே உண்டு. பலத்த மேற்குக் காற்றோ மூடுபனியோ ஸ்கிபோலின் ஓடுபாதைகளைக் கட்டுப்படுத்தும் நாளில் முதலில் அடிபடுவது குறுந்தூரப் பயணங்கள்தாம். முந்நூறு பேர் காத்திருக்கும் தொலைதூர விமானத்தை விட, நூறு பேர் செல்லும், சில மணி நேரத்தில் அடுத்தது உள்ள விமானத்தை ரத்துசெய்வது நிறுவனத்துக்கு எளிது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. மதிய விமானம் ரத்தானால் மாலை விமானம் இருக்கும். இரவு விமானம் ரத்தானால் ஆம்ஸ்டர்டாமில் தங்க வேண்டும். விடுதிச் செலவை நிறுவனம் ஏற்றாலும், ஷெங்கன் விசா இல்லாதவர் நகர விடுதிக்குப் போக இயலாமல் பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே இரவைக் கழிக்க நேரலாம். அங்கேயும் சிறு அறை விடுதிகள் உண்டு என்றாலும் அத்தகைய நாளில் அறை கிடைப்பது உறுதியில்லை.

எம்ப்ரேயருக்குள் கைப்பெட்டி

கேஎல்எம் சிக்கன வகுப்புக்கான அளவு, 55 × 35 × 25 சென்டிமீட்டருக்குள் ஒரு கைப்பெட்டி, 40 × 30 × 15 சென்டிமீட்டருக்குள் ஒரு சிறு பை, இரண்டும் சேர்த்து 12 கிலோ. இந்த அளவுக்குள் அடங்கும் பெட்டி பெரிய விமானத்தில் தலைக்கு மேல் எளிதாகப் போய்விடும். எம்ப்ரேயர் 175, 190 விமானங்களின் உடல் குறுகலானது. நடைபாதைக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள்தான். நடு இருக்கை இல்லை என்பது பயணிக்கு நல்ல செய்தி. ஆனால் மேலடுக்கும் அதற்கேற்பச் சிறியது. சக்கரப் பெட்டியைச் சக்கரம் உள்ளே போகும்படி நீளவாக்கில் தள்ளினால் சிலருக்கு இடம் கிடைக்கும். விமானம் நிரம்பியிருந்தால் எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் வாயிலிலோ விமானத்தின் அருகிலோ நின்று சக்கரப் பெட்டிகளை வாங்கி, அட்டை கட்டி, அடியில் உள்ள சரக்கறையில் வைப்பது அன்றாட வழக்கம். கட்டணம் ஏதும் இல்லை. கோபப்படவும் தேவையில்லை. தயாராக இருந்தால் போதும்.

தயார் என்பதன் பொருள் இதுதான்: கடவுச்சீட்டு, மருந்து, நகை, பணம், கணினி, பவர் பேங்க் ஆகியவை சக்கரப் பெட்டியில் சிதறிக் கிடக்காமல், ஒரே அசைவில் வெளியே எடுக்கக்கூடிய துணிப்பையிலோ தோள்பையிலோ இருக்க வேண்டும். பவர் பேங்க் சரக்கறையில் போகக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. வரிசை பின்னால் நெருக்கும்போது பெட்டியைத் தரையில் திறந்து வைத்து இரத்த அழுத்த மாத்திரையைத் தேடும் நிலையில் பெற்றோரை விடாதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே அந்தத் தோள்பையைத் தனியாகக் கட்டிக்கொடுங்கள். பெட்டியைக் கொடுக்கும்போது, இறங்கியதும் விமானத்தின் அருகிலேயே திருப்பித் தருவார்களா, பட்டையில் வருமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

படிக்கட்டும் சக்கர நாற்காலியும்

நம் பெற்றோருக்காக நாம் கேட்டு வாங்கும் சக்கர நாற்காலி உதவியில் மூன்று நிலைகள் உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நடக்கக் கடினம், ஆனால் படி ஏற முடியும் என்பது ஒரு நிலை. டபிள்யூசிஹெச்ஆர் என்று குறிப்பார்கள். படி ஏற இயலாது, விமானத்துக்குள் இருக்கை வரை நடக்க முடியும் என்பது இரண்டாவது, டபிள்யூசிஹெச்எஸ். இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்பது மூன்றாவது, டபிள்யூசிஹெச்சி. பெரிய விமானத்தில் ஏறுபாலம் வழியாக நேரே உள்ளே போவதால் இந்த வேறுபாடு தெரியாது. சிட்டிஹாப்பரில் தெரியும்.

பல சிட்டிஹாப்பர் விமானங்கள் கட்டடத்தை ஒட்டி நிற்பதில்லை. பிரிட்டன் ஊர்களுக்கான விமானங்கள் பலவற்றுக்கும் டி பகுதியின் கீழ்த்தளத்தில் உள்ள பேருந்து வாயிலில் சீட்டைச் சரிபார்த்து, நின்றபடி செல்லும் தாழ்தளப் பேருந்தில் ஏற்றி, திறந்தவெளியில் நிற்கும் விமானத்தின் அருகே இறக்கிவிடுவார்கள். அங்கே காற்று வீசும், பெரும்பாலும் மழைத் தூறலும் இருக்கும். ஈரமான செங்குத்துப் படிகளில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். முழங்கால் வலியுள்ள தாய்க்கு முதல் நிலையைப் பதிவுசெய்திருந்தால், படியடியில் நாற்காலி நின்றுவிடும். இரண்டாவது நிலையைப் பதிவுசெய்திருந்தால் தூக்கி ஏற்றும் வண்டி வரும். ஐரோப்பிய விதிப்படி இந்த உதவியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் கேட்டுவிட வேண்டும்; உதவிக்குக் கட்டணம் இல்லை. சீட்டு வாங்கித் தரும் முகவரிடம் “வீல்சேர் போடுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், படி ஏற முடியுமா முடியாதா என்பதையும் தெளிவாகச் சொல்லி, இரண்டு பயணங்களுக்கும் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியப் பகுதிக்கு மட்டும் பதிவாகி இரண்டாம் பகுதிக்கு விட்டுப்போவது அடிக்கடி நிகழ்கிறது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுகிய பயணத்தில் ஒரு பானமும் சிறு தின்பண்டமும் கிடைக்கும். பசியாறுவதற்கு அதை நம்ப வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் ஊறுகாய், சட்னி போன்றவை திரவமாகக் கருதப்படும் என்பதால் அவை ஒப்படைத்த பெட்டியில் இருப்பதே நல்லது.

தாமதமானால், பெட்டி வராவிட்டால்

பயணத்தில் சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்து, காரணம் வானிலை போன்ற நிறுவனத்தின் கட்டுக்கு மீறியதாக இல்லாவிட்டால், இழப்பீடு கேட்க உரிமை உண்டு. ஒரே முன்பதிவில் உள்ள பயணங்களுக்குத் தொடங்கிய இடத்திலிருந்து கடைசி ஊர் வரையிலான தூரமே கணக்கு. ஆகவே குறுகிய சிட்டிஹாப்பர் பயணத்தால் விளைந்த தாமதமாக இருந்தாலும், பெங்களூர்–பெர்கன் பயணி 3500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரிவில் வருவார். ஐரோப்பிய விதி 261/2004 அதற்கு 600 யூரோ என்கிறது, தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். பிரிட்டனில் முடியும் பயணத்துக்கு, ஐரோப்பிய நிறுவனம் இயக்கும்போது, பிரிட்டனின் சொந்தச் சட்டம் பொருந்தும். அங்கே அதே பிரிவுக்கு 520 பவுண்டு. இந்தியாவிலிருந்து வந்த பகுதியை ஐரோப்பாவைச் சேராத நிறுவனம் இயக்கி, தாமதம் அதனால் நேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சீட்டின் அந்தச் சிறிய வரியைப் படிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். விண்ணப்பத்தை இடைத்தரகர் தளங்களுக்குக் கொடுத்துப் பங்கை இழக்காமல், முதலில் கேஎல்எம்மின் தளத்திலேயே போடுங்கள். ஏறும் அட்டையையும், வாயிலில் திரையில் காட்டிய அறிவிப்பின் படத்தையும், காத்திருக்கையில் வாங்கிய உணவின் ரசீதையும் வைத்திருங்கள்.

குறுகிய இடைவெளியில் நீங்கள் ஓடிப் பிடித்த விமானத்தை உங்கள் பெட்டி பிடிக்காமல் போகலாம். அப்படியானால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெட்டி உதவி மேடையில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய ஊர் விமான நிலையங்களில் இரவு விமானத்துக்குப் பின் அந்த மேடையைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். பட்டை நின்றதும் தயங்காமல் போக வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு அது வந்து சேர்ந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். திரும்பும் பயணத்தில் பெட்டியின் அட்டையில் சென்னை என்றே அச்சாகியிருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் மும்பையிலோ பெங்களூரிலோ அதைப் பட்டையிலிருந்து எடுத்துச் சுங்கச் சோதனையைத் தாண்டி, உள்நாட்டுப் பயணத்துக்கான மேடையில் மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கியே அந்தக் கடைசி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.